வீட்டில் முதன்முதலாகப் பன்றி வளர்க்கப் போகிறீர்களா? பெங்களூரு சுற்றுவட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆனேக்கல், சர்ஜாபுரம், ஒசகோட்டை, தொட்டபள்ளாபுரம் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. இரண்டு முதல் நான்கு குட்டி வாங்கி, வளர்த்து, இறைச்சிக்கு விற்பதுதான் இங்கே கணக்கு. பெரிய பண்ணைக்கு இது போதாது.

பெங்களூருக்குள்ளேயே, வீட்டுப் பின்பக்கம் வளர்க்கலாமா?

மாநகராட்சி எல்லைக்குள் அனுமதி இல்லாமல் முடியாது. நெருக்கமான குடியிருப்பில் அந்த அனுமதியை எதிர்பார்க்கவும் வேண்டாம். 2025-ல் பி.பி.எம்.பி. (பழைய பெங்களூரு மாநகராட்சி) ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது. அதனால் உங்கள் இடம் எதில் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். கிராமப் பஞ்சாயத்து எல்லை என்றால் பி.டி.ஓ.விடம் (பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரி) எழுத்தில் கேளுங்கள். கன்னடத்தில் 'ஹந்தி சாகாணிகே' என்று சொன்னால்தான் அங்கே சட்டென்று புரியும்.

காகிதம் கிடைத்தாலும் அக்கம்பக்கத்தாரின் மனம் வேறு விஷயம். பன்றியைத் தீண்டாத முஸ்லிம் குடும்பமோ, சுத்த சைவக் குடும்பமோ ஒட்டினாற்போல் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதே நல்லது. வாடகை நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். பாதி வளர்ந்த பன்றிக்கு நடுவழியில் வேறு இடம் தேடுவது லேசல்ல.

குட்டி வாங்குவதற்கு முன் என்னென்ன முடிவாகியிருக்க வேண்டும்?

உள்ளே போகும் தீனி எங்கிருந்து வரும், வெளியே வரும் சாணமும் மூத்திரமும் எங்கே போகும். இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் மற்றதெல்லாம் சரிக்கட்டிவிடலாம். கொட்டகையை அழகாகக் கட்டிவிட்டுக் கழிவுக் குழியை மறந்தவர்கள்தான் மூன்றாம் மாதத்தில் பன்றியை விற்கிறார்கள்.

ஒன்றே ஒன்று வாங்கிப் பழகலாமா?

வேண்டாம். பன்றி கூட்டமாக வாழும் பிராணி. தனிக்குட்டி கத்தும், சரியாகத் தின்னாது, இரவில் குளிருக்கு ஒட்டிப் படுக்க ஆள் இருக்காது. ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு குட்டிகளை வாங்குங்கள். வெவ்வேறு இடத்துக் குட்டிகளைச் சேர்த்தால் முதல் இரண்டு நாள் சண்டை, காயம். அதோடு இரண்டு பண்ணையின் நோயும் சேர்ந்தே வரும்.

எந்த இனம்? எங்கே வாங்குவது?

எளிதில் கிடைப்பது வெண்பன்றி என்று சொல்லப்படும் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயரும் அதன் கலப்புகளும்தான். லேண்ட்ரேஸ், டியூராக் கலப்புக் குட்டிகளும் வளர்ப்புக்கு நன்றாகவே இருக்கும். நாட்டுப் பன்றிக்குக் கடினம் தாங்கும் உடம்பு, ஆனால் எடை மெதுவாகத்தான் ஏறும். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்தில் உருவாக்கிய டானுவாஸ் கே.பி.எம். கோல்ட், யார்க்‌ஷயர் ரத்தம் முக்கால், நாட்டு ரத்தம் கால் என்ற கலப்பு. பெங்களூரில் ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்தால் நம்பகமான பண்ணையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சந்தையில் மட்டும் வாங்காதீர்கள். பத்து ஊர்ப் பன்றி மூக்கோடு மூக்கு உரசும் இடம் அது.

குட்டியில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

வயது எட்டு வாரம், எடை 10 முதல் 15 கிலோ. தாய்ப்பால் மறந்து குறைந்தது ஒரு வாரமாவது தீனி தின்று பழகியிருக்க வேண்டும். 'ஐந்து வாரம்தான், விலை குறைவு' என்றால் விலகிவிடுங்கள். அந்தக் குட்டி கழிச்சலில் போகும்.

குட்டிகளைத் துரத்தி ஓடவிட்டுப் பாருங்கள். ஓடி நின்றதும் இருமினால் நுரையீரல் கோளாறு இருக்கலாம். வாலுக்குக் கீழே ஈரமும் அழுக்கும் ஒட்டியிருந்தால் கழிச்சல். தொப்புளில் எலுமிச்சை அளவு வீக்கம் தெரிந்தால் குடலிறக்கம். காதோரம் சொறியும் பொருக்கும் இருந்தால் சிரங்குப் பூச்சி.

ஆண் குட்டி என்றால் காயடித்ததா என்று கேளுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் அதை முடித்திருந்தால் நல்லது. காயடிக்காத ஆண் பருவத்துக்கு வந்தபின் அதன் கறியில் ஒரு வீச்சம் ஏறும், கடைக்காரர் விலையைக் குறைப்பார். பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் இரும்புச்சத்து ஊசி போட்டார்களா, ஸ்வைன் ஃபீவர் (பன்றிகளுக்கு வரும் வைரஸ் காய்ச்சல்) தடுப்பூசி போட்டார்களா என்பதையும் கேட்டுத் தேதியோடு எழுதி வாங்குங்கள். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. மண் படாத சிமென்ட் தரையில் வளரும் குட்டி ஊசி இல்லாவிட்டால் வெளிறிப்போய் வளர்ச்சி நின்றுவிடும்.

கொட்டகை எவ்வளவு பெரிதாக வேண்டும்?

இரண்டு பன்றிக்கு, விற்கும் எடை வரை சேர்த்து, 8 அடிக்கு 6 அடி கூரையுள்ள இடம், அதே அளவு திறந்த முற்றம். கூரையின் தாழ்ந்த பக்கம் 7 அடியாவது இருக்கட்டும். தகரம் போட்டால் மேலே தென்னை ஓலை பரப்புங்கள், இல்லாவிட்டால் ஏப்ரலில் உள்ளே அடுப்பாகிவிடும்.

தரைக்கு 4 அங்குலம் கான்கிரீட். மேல்பூச்சை வழவழப்பாக்காமல், ஈரத்திலேயே துடைப்பத்தால் கோடு இழுத்துச் சொரசொரப்பாக்குங்கள். வழுக்கும் தரையில் கால் விரிந்து இடுப்பு போன பன்றி எழுந்திருக்காது. சாய்வு 10 அடி நீளத்துக்கு 3 அங்குலம், முற்றத்துக் கடைசியில் சாக்கடை வாய்க்கால்.

சுவர் 4 அடி. கதவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பன்றி மோதி உடைப்பதைவிட மூக்கை அடியில் கொடுத்துத் தூக்குவதில் கெட்டிக்காரப் பிராணி. கீல் இரண்டும் மேல்நோக்கிய ஆணியில் சொருகியிருந்தால் கதவு அப்படியே கழன்று வரும். மேல் கீலைத் தலைகீழாக வையுங்கள், கீழேயும் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள்.

தண்ணீருக்கு நிப்பிள் குழாய் (பன்றி வாயால் அழுத்தினால் மட்டும் தண்ணீர் வருவது) போட்டால் தண்ணீர் மிச்சம். அதன் உயரம் பன்றியின் தோள் மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். குட்டிக்கு ஓரடி, 90 கிலோ பன்றிக்கு இரண்டடி. நகர்த்தி மாட்டும்படி கிளாம்ப் போடுங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வராவிட்டால் அடைப்பு என்று பொருள். போர்வெல் தண்ணீரின் உப்புப் படிவால் அடிக்கடி அடைக்கும்.

கண்ட இடத்தில் சாணம் போடுமே?

போடாது. பன்றி படுக்கும் இடத்தை முடிந்தவரை அசுத்தப்படுத்தாது. ஈரமான, தீனியிலிருந்து தள்ளியுள்ள மூலையைத் தானே தேடும். குட்டியை இறக்குவதற்கு முன்பே வாய்க்கால் பக்கத்து மூலையை நனைத்து, கொஞ்சம் சாணத்தையும் அங்கே வைத்துவிடுங்கள். படுக்குமிடத்தில் உலர்ந்த வைக்கோல் பரப்புங்கள். இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். முதல் நாளே மொத்தத் தரையையும் கழுவி ஈரமாக்கினால் பன்றிக்கு எது கழிப்பிடம் என்றே தெரியாமல் போகும். அப்புறம் மாற்றுவது சிரமம்.

முதல் வாரம் எப்படி நடத்துவது?

வந்த அன்று தண்ணீர் முதலில், தீனி கொஞ்சமாக. பழைய பண்ணையில் தின்ற அதே தீனியில் ஐந்து கிலோ கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்காக உங்கள் தீனிக்கு மாற்றுங்கள். தீனி, இடம், துணை மூன்றும் ஒரே நாளில் மாறுவதால்தான் கழிச்சல் பிடிக்கிறது. லேசாகக் கழிந்தால் ஒரு வேளை தீனியைக் குறைத்து, தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். கலந்து வையுங்கள். ரத்தம் கலந்து வந்தாலோ, குட்டி எழாமல் படுத்தாலோ டாக்டர் வந்தாக வேண்டும். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962.

பெங்களூரின் டிசம்பர், ஜனவரி இரவுகள் குட்டிக்குக் குளிர்தான். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து படுத்தால் குளிர்கிறது என்று அர்த்தம். வைக்கோலை அதிகமாக்கி, காற்று வரும் பக்கம் சாக்குத் தொங்கவிடுங்கள்.

என்ன தீனி, எவ்வளவு?

சராசரியாக ஒரு கிலோ எடை ஏற மூன்றரை கிலோ தீனி போகும். 12 கிலோ குட்டியை 90 கிலோவாக்க 78 கிலோ ஏற வேண்டும். ஆக ஒரு பன்றிக்கு ஏறக்குறைய 270 கிலோ. இந்த எண்ணை உங்கள் ஊர்த் தீவன விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் குட்டி விலையைப் பேசுங்கள். மொத்தச் செலவில் தீனிதான் பெரும்பங்கு.

20 கிலோ எடை வரை கடைத் தீவனமே (புரதம் 20 சதவீதத்துக்குக் குறையாமல்) போடுங்கள், அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். அதன்பிறகு வீட்டிலேயே கலக்கலாம். நூறு கிலோவுக்கு:

- 20 முதல் 50 கிலோ பன்றிக்கு: மக்காச்சோள மாவு 52, கோதுமைத் தவிடு 20, சோயாப் புண்ணாக்கு 20, கடலைப் புண்ணாக்கு 5, தாது உப்புக் கலவை 2.5, சமையல் உப்பு 0.5. புரதம் 18 சதவீதத்தை ஒட்டி வரும்.
- 50 கிலோவுக்கு மேல்: மக்காச்சோளம் 57, தவிடு 25, சோயாப் புண்ணாக்கு 15, தாது உப்பு 2.5, உப்பு 0.5. புரதம் 15 சதவீதத்துக்குச் சற்று மேல்.

நாளொன்றுக்கு 15 கிலோ குட்டிக்கு முக்கால் கிலோ, 25 கிலோவில் ஒன்றேகால், 50 கிலோவில் இரண்டு, 75 கிலோ தாண்டினால் இரண்டரை முதல் மூன்று கிலோ. காலை மாலை இரண்டு வேளை. 20, 25 நிமிடத்தில் தொட்டி காலியாக வேண்டும். மிஞ்சினால் அளவு அதிகம், அல்லது பன்றிக்கு உடம்பு சரியில்லை. தொட்டியில் ஆளுக்கு ஓரடி நீளம் இல்லாவிட்டால் வலுத்தது தின்னும், இளைத்தது இளைத்துக்கொண்டே போகும்.

பூஞ்சை வாடை அடிக்கும் கடலைப் புண்ணாக்கையும் சோளத்தையும் தூக்கிப் போடுங்கள், அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். பச்சை சோயா பயறை அரைத்துப் போடாதீர்கள். புரதம் செரிக்க விடாத பொருள் அதில் உண்டு, எண்ணெய் எடுத்துச் சூடுபட்ட புண்ணாக்குதான் சரி.

ஓட்டல் மிச்சம் சும்மா கிடைக்கிறதே, அதையே போட்டு வளர்க்கலாமே?

பெங்களூரில் எல்லோரும் கேட்கும் கேள்வி. செலவு குறைவது உண்மை. ஆனால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவும் முக்கிய வழிகளில் ஒன்று, வேகாத பன்றிக் கறித் துண்டு கலந்த மிச்சம். அந்த வைரஸ் உறைந்த கறியிலும் பதப்படுத்திய கறியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

பன்றிக் கறி சமைக்கும் இடத்து மிச்சத்தை வாங்கவே வாங்காதீர்கள். மற்ற மிச்சத்தையும் 90 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். மேலே கொதிப்பு தெரியும், அடியில் கெட்டிச் சோறு வெதுவெதுப்பாகவே இருக்கும். கிளறச் சொல்வது அதனால்தான். காய்ச்சாத மிச்சத்தைத் தொட்ட வாளியைக் காய்ச்சியதற்குப் பயன்படுத்தக்கூடாது. பிளாஸ்டிக், பல்குத்தும் குச்சி, எலும்பு, ரப்பர்பேண்ட் எல்லாம் பொறுக்கியெடுக்க ஒரு ஆள் வேலை.

இன்னொன்று உப்பு. ஊறுகாய், அப்பளம், சாம்பார் என்று உப்பு ஏறிய மிச்சத்தைத் தின்ற பன்றிக்கு அன்று தண்ணீரும் கிடைக்காமல் போனால் உப்பு மூளையைத் தாக்கும். சுவரில் முட்டி நிற்கும், வலிப்பு வரும். குழாய் அடைத்துக் கிடந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தீர்கள் என்றால் ஒரேயடியாகத் தண்ணீர் காட்டாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். திடீரென்று நிறையக் குடித்தால் மூளை வீங்கும்.

சோறு மட்டுமே தின்னும் பன்றிக்குப் புரதம் போதாது, கொழுப்புதான் ஏறும். மிச்சம் போட்டாலும் நாளுக்கு அரை கிலோ சோயாப் புண்ணாக்கும் 30 கிராம் தாது உப்பும் சேருங்கள்.

தண்ணீர் எவ்வளவு குடிக்கும்?

வளரும் பன்றி நாளுக்கு 5 முதல் 10 லிட்டர். கழுவ வேறு வேண்டும். டேங்கர் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

வெயிலில் மூச்சு வாங்குகிறதே?

பன்றிக்கு வியர்வையால் உடம்பைக் குளிர்விக்கத் தெரியாது. 30 டிகிரிக்கு மேல் தீனியைக் குறைத்துக்கொள்ளும். மதியம் இரண்டு மூன்று தடவை உடம்பில் தண்ணீர் தெளியுங்கள், தீனியை அதிகாலைக்கும் இருட்டிய பிறகுக்கும் மாற்றுங்கள். வாயைத் திறந்து மூச்சிரைத்துச் சாய்ந்துவிட்டால் பனிக்கட்டித் தண்ணீரை மொத்தமாகக் கொட்டாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். வெண்பன்றியின் தோல் நேர் வெயிலில் வெந்து சிவக்கும், முற்றத்தின் ஒரு பாதிக்காவது நிழல்வலை வேண்டும்.

தடுப்பூசி, பூச்சி மருந்து என்னென்ன?

எட்டு வார வாக்கில் ஸ்வைன் ஃபீவர் தடுப்பூசி. கோமாரித் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஐஸ் இல்லாமல் பைக்கில் வந்த தடுப்பூசி வெறும் தண்ணீருக்குச் சமம். வந்த வாரத்தில் குடற்புழு மருந்து, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஐவர்மெக்டின் ஒரு சதவீத ஊசி 33 கிலோவுக்கு 1 மி.லி. கணக்கு, தோலுக்கு அடியில். சிரங்குப் பூச்சியும் அதிலேயே போகும். டாக்டரைக் கேட்டுப் போடுங்கள், போட்ட நாளிலிருந்து 28 நாள் கறிக்கு அனுப்பாதீர்கள்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தால்?

இந்தியாவில் 2020-ல் அசாம், அருணாசலப் பிரதேசத்தில் முதலில் தெரிந்தது, பிறகு கர்நாடகம் உட்படப் பல மாநிலங்களுக்கு வந்தது. மனிதருக்கு ஒட்டாது. பன்றிக்கு மருந்தும் கிடையாது, போட்டுக்கொள்ள நம் நாட்டில் தடுப்பூசியும் கிடையாது. 105 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், தீனி மறுப்பு, காதும் வயிறும் சிவந்து நீலம் பாய்தல், சில நாளிலேயே சாவு. சாதாரண ஸ்வைன் ஃபீவரும் இதே போலத்தான் தெரியும், பரிசோதனைக்கூடம்தான் பிரித்துச் சொல்ல முடியும். (நல்ல பன்றியின் சூடு 102 முதல் 103. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள்.)

சந்தேகம் வந்த அன்றே அரசுக் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்வது 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பன்றிகளை அழிப்பார்கள், அழிக்கும் பன்றிக்கு அரசு இழப்பீடு உண்டு. பதறிப்போய் விற்பது, அறுத்துப் பங்கு போடுவது, செத்ததை ராஜகாலுவேயில் (பெரிய மழைநீர்க் கால்வாய்) தள்ளுவது, இவைதான் ஊர் முழுக்க நோயைக் கொண்டுபோகும்.

வராமல் தடுக்க: கொட்டகைக்கென்று தனிச் செருப்பு, வாசலில் சுண்ணாம்பு, தெருப்பன்றி நுழையாத வேலி. முக்கியமாக, பத்து வீட்டுப் பன்றியை எடை பார்த்துவிட்டு வரும் வியாபாரியை உள்ளே விடாதீர்கள். பன்றியை வெளியே கொண்டுவந்து காட்டுங்கள்.

பன்றியிலிருந்து வீட்டாருக்கு என்ன வரும்?

நாடாப்புழு. மனிதக் கழிவைப் பன்றி தின்றால் அதன் தசையில் புழுக்கூடு வளரும். வேகாத கறி வழியாக அது மனிதக் குடலுக்கு வரும். அந்த ஆளின் கழிவிலுள்ள முட்டை கையிலோ காய்கறியிலோ ஒட்டி வயிற்றுக்குள் போனால் மூளையில் கட்டியாகி வலிப்பு வரும். கொட்டகையில் அடைத்து வளர்த்து, வீட்டில் எல்லோரும் கழிப்பறையைப் பயன்படுத்தினால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பன்றி உடம்பில் பெருகும், கொசு அதை மனிதருக்குக் கொண்டுவரும். கோலார் பக்கம் இது முன்பே இருக்கும் நோய். தேங்கும் தண்ணீரை விடாதீர்கள், படுக்கையறை ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

நாற்றத்துக்கு என்ன வழி?

பன்றி தன் எடையில் 5, 6 சதவீதம் அளவுக்குத் தினமும் சாணமும் மூத்திரமுமாகக் கழிக்கும். 90 கிலோ பன்றி இரண்டுக்குப் பத்து கிலோ. மூத்திரமும் சாணமும் கலந்து ஊறும்போதுதான் அமோனியா கிளம்பி மூக்கைத் துளைக்கும். ஆகவே தண்ணீர் அடிப்பதற்கு முன் சாணத்தை மண்வெட்டியால் உலர அள்ளிவிடுங்கள். அள்ளாமல் பைப் பிடித்துக் கழுவினால் ஒரு வாளிக் கழிவு பத்து வாளியாகும், குழி வழியும். அள்ளியதைக் காய்ந்த இலை, தென்னை நார்க் கழிவோடு அடுக்கடுக்காகப் போட்டு மூடுங்கள். ஈ முட்டையிலிருந்து முழு ஈ ஆக ஒரு வாரம் பத்து நாள் போதும், அதற்குள் குவியலைப் புரட்டினால் புழு வெந்து சாகும். கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் 50 அடியாவது தள்ளி வையுங்கள்.

தராசு இல்லாமல் எடை தெரியுமா?

டெய்லர் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, இரண்டு காதுகளுக்கு நடுவிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், இரண்டையும் மீட்டரில் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம் × 69.3. சுற்றளவும் நீளமும் ஒரு மீட்டர் என்றால் 69 கிலோ. கண்மதிப்பில் விலை பேசும் வியாபாரிக்கு முன்னால் டேப்பை எடுத்தாலே பேச்சு மாறும்.

எப்போது விற்பது?

80 முதல் 100 கிலோவில், ஏழெட்டு மாத வயதில். அதற்குமேல் தின்பதெல்லாம் கொழுப்பாகும், தீனிச் செலவு மீளாது. உயிர் எடையில் 70 முதல் 75 சதவீதம் வெட்டிய எடையாகத் தேறும். பெங்களூரில் குடகுக்காரர்கள், மங்களூர்க் கிறிஸ்தவர்கள், வடகிழக்குப் பிள்ளைகள் என்று ஆண்டு முழுக்கக் கேட்பவர்கள் உண்டு, கிறிஸ்துமஸுக்கு இன்னும் கூடும். ஜூன் தொடக்கத்தில் எட்டு வாரக் குட்டி வாங்கினால் டிசம்பர் நடுவில் சரியாக வரும். வீட்டில் அறுத்து விற்கக்கூடாது, உரிமம் உள்ள கூடத்துக்கோ கடைக்கோ உயிரோடு கொடுங்கள்.

குட்டி போட வைக்கலாமா? மானியம் உண்டா?

முதல் சுற்றில் வேண்டாம். சினை 114 நாள், அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். ஈனும் இரவு தாய் குட்டிகளை நசுக்கிவிடாமல் பார்க்க நீங்கள் விழித்திருக்க வேண்டும், பிறந்த குட்டிக்கு 32 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இரண்டு சுற்று வளர்த்து விற்றபின் யோசியுங்கள். தேசிய கால்நடை இயக்கத்தின் 50 சதவீத மானியம் பெரிய இனப்பெருக்கப் பண்ணைகளுக்கு, இரண்டு குட்டிக்காரருக்கு அல்ல.

'மினி' பன்றி என்று விற்கிறார்களே?

குட்டியாக இருக்கும்போது எல்லாப் பன்றியும் மினிதான். தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள்.

விற்றபின் அடுத்த குட்டியை உடனே இறக்கலாமா?

மூன்று வாரம் காலியாக விடுங்கள். சாணம் ஒட்டாமல் சுரண்டிச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அழுக்கின் மேல் ஊற்றும் மருந்து வேலை செய்யாது. காய்ந்தபின் லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் காஸ்டிக் சோடா கரைத்துத் தரையிலும் நான்கடிச் சுவரிலும் ஊற்றி ஊறவிட்டுக் கழுவுங்கள். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடா மேல் ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், அலுமினியப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள். கடைசியாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வெயில் படும்படி கதவைத் திறந்து போடுங்கள்.